ஹாலோவீனில் கலந்துகொள்வதா, வேண்டாமா? புதிதாகக் குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவிலோ கனடாவிலோ புதிதாகக் குடியேறிய கிறிஸ்தவக் குடும்பத்துக்கு ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 சங்கடமான நாள். ஒரே சபையில் ஒரே வரிசையில் அமர்ந்து ஆராதிக்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்று பிள்ளைகளுக்கு வேடமிட்டுத் தெருவுக்கு அழைத்துச் செல்கிறது; மற்றொன்று வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளறையில் ஜெபம் செய்கிறது. இருவருமே வேதவசனம் காட்டுகிறார்கள். யாரைப் பின்பற்றுவது என்று தெரியாத புதியவர், பிள்ளையின் அழுகைக்கோ யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் எச்சரிக்கைக்கோ பணிந்து கடைசி நேரத்தில் ஏதோ ஒரு பக்கம் சாய்கிறார். அப்படி எடுத்த முடிவு அனுமதியானாலும் மறுப்பானாலும் வீட்டில் நிலைப்பதில்லை. எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான ஒரு தீர்ப்பை இங்கே நான் எழுதப்போவதில்லை. எந்த வரிசையில் யோசித்தால் உங்கள் முடிவைப் பிள்ளையிடமும் பக்கத்து வீட்டாரிடமும் தயக்கமின்றிச் சொல்ல முடியும் என்பதைச் சொல்கிறேன். எனக்கென்று உள்ள கருத்துகளையும் மறைக்கப்போவதில்லை.

முதல் படி: அந்த மாலையில் என்ன நடக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

அக்டோபர் தொடங்கியதுமே பல வீடுகளின் வாசலில் முகம் செதுக்கிய பூசணிக்காய்களும், சில வீடுகளில் நெகிழி எலும்புக்கூடுகளும் போலிக் கல்லறைகளும் தோன்றும். 31ஆம் தேதி மாலை, வெளிச்சம் மங்கும் வேளையில் சின்னஞ்சிறு குழந்தைகள் பெற்றோரின் கைபிடித்து வருவார்கள். இருட்டியபின் பெரிய பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். எட்டரை, ஒன்பது மணிக்குள் தெரு பெரும்பாலும் அடங்கிவிடும். சில ஊர்களில் நகராட்சியே இதற்கு நேரம் அறிவிக்கும். பிள்ளைகள் கதவைத் தட்டி 'ட்ரிக் ஆர் ட்ரீட்' (குறும்பா, இனிப்பா?) என்பார்கள், நீங்கள் உறையிட்ட மிட்டாய் ஒன்றைக் கொடுப்பீர்கள், அவர்கள் நன்றி சொல்லி அடுத்த வீட்டுக்குப் போவார்கள். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வரவேண்டாம் என்பது எங்கும் எழுதப்படாமல் எல்லோரும் மதிக்கும் விதி. பேய் வேடத்தைவிடக் கதாநாயகர்களும் இளவரசிகளும் விலங்குகளும் தீயணைப்பு வீரர்களும் அதிகமாக வருவதைப் பார்த்து, ஆண்டு முழுவதும் எச்சரிக்கைகளையே கேட்டு வந்தவர்கள் முதல்முறை கொஞ்சம் திகைப்பதுண்டு.

இதிலிருந்து முக்கியமான ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஹாலோவீன் என்பது ஒரே செயல் அன்று. வேடமிடுவது, வீடுவீடாகப் போவது, வாசலுக்கு வருவோருக்கு இனிப்புத் தருவது, வீட்டை அலங்கரிப்பது, பள்ளிக் கொண்டாட்டத்தில் சேர்வது, பேய்வீடு, திகில் படம் போன்ற பயமுறுத்தும் பொழுதுபோக்குகளுக்குப் போவது, ஆவிகளை அழைத்துக் கேள்வி கேட்கும் பலகை விளையாட்டில் உட்காருவது ஆகிய ஏழும் ஒரே பெயரின்கீழ் கிடக்கின்றன. பல சண்டைகள் இந்த ஏழையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு பேசுவதால்தான் எழுகின்றன. ஒரு தாளில் ஏழையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே தனியாக முடிவு எழுதுங்கள். மூன்றுக்கு ஆம் என்றும் நான்குக்கு இல்லை என்றும் சொல்லும் குடும்பம் முன்னுக்குப்பின் முரணாக நடப்பதாக யாராவது குறை சொன்னால், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இரண்டாம் படி: வரலாற்றை அளவோடு தெரிந்துகொள்ளுங்கள்

பகிர்ந்து பகிர்ந்து தேய்ந்த செய்திகளில் இரண்டு வரலாறுகள் உலவுகின்றன. அயர்லாந்து, பிரிட்டன் பகுதிகளின் பழங்குடிகளான கெல்டிய மக்கள் பிசாசுகளுக்கு நரபலி கொடுத்த இரவு இது என்கிறது ஒன்று. இது முற்றிலும் திருச்சபையின் திருநாள், உலகம்தான் அதைத் திருடிக்கொண்டது என்கிறது மற்றொன்று. இரண்டுமே அளவு மீறியவை. அயர்லாந்தில் கோடை முடிந்து மந்தைகள் மேய்ச்சல் நிலத்திலிருந்து திரும்பும் நவம்பர் தொடக்கத்தில் ஒரு பருவத் திருவிழா இருந்தது உண்மை. ஆனால் அதைப் பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துகள், அந்த நாட்டில் கிறிஸ்தவம் வேரூன்றிப் பல நூற்றாண்டுகள் கழிந்தபின் துறவிகளின் கைப்பட எழுதப்பட்ட கதைகளே. அவற்றை வைத்துக்கொண்டு அந்த இரவின் சடங்குகளை நேரில் கண்டதுபோல் வருணிப்பவர்கள் ஊகத்தையே வரலாறாக விற்கிறார்கள்.

திருச்சபையின் பக்கம் தெளிவாகத் தெரிவது இது. 609இல் திருத்தந்தை நான்காம் போனிஃபாஸ் ரோமின் பாந்தியன் கோயிலை மரியாளுக்கும் இரத்தசாட்சிகள் அனைவருக்கும் அர்ப்பணித்த நாள் மே 13. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் அனைத்துப் புனிதர் விழா மேற்கு ஐரோப்பாவில் நவம்பர் 1இல் நிலைபெற்றது; அதற்கு முந்திய மாலைதான் ஹாலோவீன். கீழைத் திருச்சபைகள் இன்றும் அதைப் பெந்தெகொஸ்தேக்கு அடுத்த ஞாயிறன்றே கொண்டாடுகின்றன. நவம்பர் 2, தமிழ்க் கத்தோலிக்கர் கல்லறைத் திருநாளாக அறிந்த நாள், பிரான்சின் குளூனி மடத்து அதிபர் ஓடிலோவின் முயற்சியால் பத்தாம் நூற்றாண்டின் இறுதி முதல் பரவியது. இங்கிலாந்தில் ஏழைகள் வீடுவீடாகச் சென்று, இறந்தோருக்காக மன்றாடுவதாகச் சொல்லிச் சிறு ரொட்டிகளைப் பெற்றார்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பிள்ளைகள் வேடமிட்டு வீடுகளுக்குப் போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து புலம்பெயர்ந்தோர் இந்தப் பழக்கங்களை வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தபோது, அவர்கள் குடைந்து விளக்கேற்றிய டர்னிப் கிழங்கின் இடத்தைப் பூசணி பிடித்துக்கொண்டது. 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்ற தொடர் 1920களில் கனடாவின் செய்தித்தாள்களில் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலச் சர்க்கரைக் கட்டுப்பாடு நீங்கியபின் இந்தப் பழக்கம் புறநகர்களெங்கும் பரவியது.

ஆக, உங்கள் பிள்ளை கேட்பது கெல்டியச் சடங்கும் அன்று, புனிதர் திருநாளும் அன்று. போருக்குப் பின் வடிவம் பெற்ற ஓர் அக்கம்பக்கத்துப் பழக்கம். இதனால் கேள்வி தீர்ந்துவிடாது. ஒன்றின் தோற்றம் அதைக் கறைப்படுத்துவதும் இல்லை, தூய்மையாக்குவதும் இல்லை. இன்று அதைச் செய்கிறவர் என்ன நினைத்துச் செய்கிறார், அருகிலிருந்து பார்க்கிறவர் என்ன புரிந்துகொள்கிறார் என்றே பவுல் கேட்கிறார். அடுத்த படி அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாம் படி: வேதத்தைத் திறந்து வைத்து யோசியுங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். கணவனும் மனைவியும் முதலில் உபாகமம் 18ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன் என்று அங்கே ஒரு பட்டியல் உண்டு. தேவனைக் கேளாமல் மறைவான அறிவையும் ஆற்றலையும் தேடும் செயல்கள் அவை. உங்கள் தாளில் எழுதிய ஏழில் ஆவிகளை அழைக்கும் பலகை விளையாட்டும், அதோடு சேர்ந்து வரும் சீட்டுக்குறி பார்த்தலும் இந்தப் பட்டியலுக்குள் நேராக வந்துவிடுகின்றன. விளையாட்டுக்குத்தானே என்ற சமாதானத்தை இங்கே நான் ஏற்கமாட்டேன். இது ஒன்றில் மட்டும் எந்தச் சபையைச் சேர்ந்த குடும்பமானாலும் 'இல்லை' என்று எழுதிவிட்டு மேலே போகலாம்.

அடுத்து 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்கள். ஹாலோவீன் விவாதங்களில் ஒரு வசனத்தைப் பிய்த்துக் காட்டுகிறார்களே தவிர, இந்த மூன்று அதிகாரங்களையும் சேர்த்து வாசிப்பவர்கள் குறைவு. கொரிந்து பட்டணத்தில் விக்கிரகக் கோயில்களில் பலியிட்ட இறைச்சி கடைத்தெருவுக்கும் வந்தது. அதைத் தின்னலாமா என்று கேட்ட விசுவாசிகளுக்குப் பவுல் ஒரே வரியில் பதில் சொல்லவில்லை. கோயிலின் பந்தியில் உட்காராதே, அது பேய்களோடு ஐக்கியப்படுவது என்கிறார். கடையில் விற்பதை மனச்சாட்சியின் நிமித்தம் ஒன்றும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு என்கிறார். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால் போ, வைத்ததைச் சாப்பிடு, ஆனால் இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காக அதைத் தவிர்த்துவிடு என்கிறார். இறைச்சி ஒன்றுதான், இடமும் உடனிருப்பவரும் மாறும்போது முடிவு மாறுகிறது.

இந்த அளவுகோலை உங்கள் தாளுக்குக் கொண்டுவாருங்கள். ஆவிகளை அழைக்கும் விளையாட்டு கோயில் பந்தியைப் போன்றது. பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா கிண்ணத்தில் நீட்டும் சாக்லேட் கடைத்தெரு இறைச்சியைப் போன்றது. அந்தச் சாக்லேட்டுக்குள் பிசாசு ஏறி வருகிறது என்று நம்புவது பவுல் நிராகரித்த நம்பிக்கைக்கே திரும்பிப் போவதாகும், ஏனெனில் விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அவர் எட்டாம் அதிகாரத்திலேயே சொல்லிவிட்டார். ஆனால் சூனியத்துக்கும் மந்திரவாதத்துக்கும் நடுங்கி வாழ்ந்து, அதிலிருந்து மீண்டு விசுவாசத்துக்கு வந்த ஒருவர் உங்கள் வீட்டில் தங்கியிருந்தால், அவர் கண்முன் பிள்ளைக்குச் சூனியக்காரித் தொப்பி போடாதீர்கள். அவருக்கு அது வேடிக்கைப் பொருளாகத் தோன்றாது. அந்த ஆண்டு நீங்கள் விட்டுக்கொடுப்பது உங்கள் சுதந்திரத்துக்கு நேர்ந்த இழப்பு ஆகாது.

கடைசியாக ரோமர் 14. நாட்களை விசேஷமாக எண்ணுகிறவனும் எண்ணாதவனும் தத்தம் மனதில் முழு நிச்சயத்தோடு இருக்கவேண்டும் என்பதும், சந்தேகத்தோடு செய்வது பாவம் என்பதும் அந்த அதிகாரத்தில்தான் உள்ளன. கணவனுக்கு உறுத்தவில்லை, மனைவிக்கு உறுத்துகிறது என்றால், உறுத்துகிறவரின் பக்கமே முடிவு எழுதப்படட்டும். ஆனால் உறுத்தலுக்கும் பயத்துக்கும் வேறுபாடு உண்டு. கர்த்தருக்கு இது பிரியமில்லை என்று தோன்றுவது மனச்சாட்சி. நமக்கு ஏதாவது நேர்ந்துவிடுமோ, பிள்ளைக்குக் காற்றுக் கருப்பு ஏதும் பட்டுவிடுமோ என்று தோன்றுவது பயம். முதலாவதற்குக் கீழ்ப்படியுங்கள், இரண்டாவதைப் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கொண்டுபோய்ப் பேசுங்கள். விளக்கை அணைத்துவிட்டு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பிள்ளை பார்த்தால், கிறிஸ்துவைவிட அந்த இரவு பெரியது என்றே அது கற்றுக்கொள்ளும்.

உங்கள் சபையின் நிலையையும் இப்போதே கேட்டறியுங்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் முழுமையாக விலகச் சொல்கின்றன. கத்தோலிக்கப் பங்குகளில் பெரும்பாலும் புனிதர் விழாவோடு இணைத்துப் பார்க்கிறார்கள். லூத்தரன் சபைகளுக்கு அக்டோபர் 31 சீர்திருத்த நாளும் ஆகும். என்ன சொல்கிறார்கள் என்பதோடு ஏன் சொல்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

நான்காம் படி: பிள்ளைகளிடம் சொல்லுங்கள்

முடிவை அக்டோபர் முதல் வாரத்திலேயே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லும் காரணம், அதைப் பிள்ளை வகுப்பில் மற்றொரு பிள்ளையிடம் திருப்பிச் சொன்னால் அந்தப் பிள்ளை புண்படாததாக இருக்கவேண்டும். 'அது பிசாசின் நாள், அதைக் கொண்டாடுகிறவர்கள் கெட்டவர்கள்' என்று சொல்லிக்கொடுத்தால், மறுநாள் உங்கள் மகள் தன் தோழியைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டு வருவாள். 'எங்கள் வீட்டில் பயமுறுத்தும் விஷயங்களை வைத்து விளையாடுவதில்லை, அன்று நாங்கள் வேறொன்று செய்கிறோம்' என்பது ஐந்து வயதுக்குப் போதும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையோடு ரோமர் 14ஐச் சேர்ந்தே வாசிக்கலாம். பதின்வயதினருக்கு அறிவிப்பு எடுபடாது. உங்கள் ஏழு வரித் தாளை அவர்கள் கையில் கொடுத்து அவர்களையே ஒரு முறை எழுதச் சொல்லிவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பேசுங்கள். அவர்கள் வயதில் மிட்டாய் ஒரு பொருட்டில்லை. திகில் படமும் நண்பர் வீட்டு விருந்தும் பலகை விளையாட்டும்தான் உண்மையான கேள்விகள்.

மறுப்பதென்றால் கையை வெறுமையாக வைக்காதீர்கள். அந்த மாலைக்கு ஏதாவது ஒன்று முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பள்ளியோடு பேசுங்கள்

பள்ளியிலிருந்து வரும் அறிவிப்பை முழுதாக வாசியுங்கள். பல பள்ளிகள் இப்போது பேய்வேடங்களைத் தவிர்த்து, இலையுதிர்கால விழா என்றோ கதைமாந்தர் வேட நாள் என்றோ நடத்துகின்றன. உங்கள் எதிர்ப்புக்கு அங்கே வேலையே இல்லாமல் போகலாம். பங்கேற்பதில்லை என்று முடிவுசெய்தால் இரண்டு வாரம் முன்பே ஆசிரியருக்கு நான்கு வரிகளில் எழுதுங்கள்: குடும்பத்தின் விசுவாசம் காரணமாகப் பிள்ளை இந்த நிகழ்வில் சேராது, அந்நேரத்தில் நூலகத்தில் இருக்கலாமா அல்லது நாங்கள் முன்னதாக அழைத்துச் செல்லலாமா, உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. இறையியல் விளக்கம் தேவையில்லை. இத்தகைய கோரிக்கைகள் ஆசிரியர்களுக்குப் பழக்கமானவை. பிள்ளையின் கையில் அந்தக் காலையில் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வகுப்பு முன்னிலையில் பிள்ளையே பதில் சொல்ல நேரிடும்.

ஆறாம் படி: கதவு தட்டப்படும்போது என்ன செய்வீர்கள்?

போவதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் பேசும் குடும்பங்கள், தங்கள் வாசலுக்கு வருகிறவர்களைப் பற்றி யோசிப்பதேயில்லை. ஆண்டின் மற்ற நாட்களில் தலையசைப்போடு கடந்துபோகும் அக்கம்பக்கத்தார் தம் பிள்ளைகளோடு உங்கள் படியேறி வரும் ஒரே மாலை இது. புதிதாக வந்த ஊரில் பெயர் கேட்டு அறிமுகமாக இதைவிட எளிய வாய்ப்பு வாய்ப்பதில்லை. பிள்ளையைத் தெருவுக்கு அனுப்ப மனமில்லாத குடும்பம்கூட வாசலில் நின்று இனிப்புத் தரலாம் என்பதே என் கருத்து. அது வேடமும் அன்று, சடங்கும் அன்று, உபசரிப்பு. சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்க விரும்பினால் நல்ல மிட்டாயோடு சேர்த்துக் கொடுங்கள். மிட்டாய்க்குப் பதிலாகக் கைப்பிரதி மட்டும் கொடுப்பவர்களின் வீட்டைப் பிள்ளைகள் அடுத்த ஆண்டு தாண்டிப் போய்விடுவார்கள். நரகத்தைப் படம்போட்டுப் பயமுறுத்தும் பிரதிகள் ஆறு வயதுக் குழந்தையின் பைக்குள் போகவே கூடாது.

கொடுப்பவை கடையில் வாங்கிய, உறை பிரிக்காத இனிப்புகளாக இருக்கட்டும். வீட்டில் செய்த பண்டங்களைப் பெற்றோர் ஏற்பதில்லை. வேர்க்கடலை ஒவ்வாமையுள்ள பிள்ளைகளுக்காகப் பென்சில், ஒட்டுப்படம் போன்றவற்றைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, வாசலில் நீலப்பச்சை வண்ணப் பூசணி ஒன்றை வைக்கும் வழக்கம் 2014 முதல் அமெரிக்காவெங்கும் பரவிவருகிறது. பேசாமல் கையை மட்டும் நீட்டும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். பேச இயலாத பிள்ளையாக இருக்கலாம்.

கொடுப்பதில்லை என்று முடிவுசெய்தால் வாசல் விளக்கை அணைத்துவிட்டால் போதும், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். விளக்கை எரியவிட்டுக் கதவைத் திறக்காமலிருப்பதுதான் மரியாதைக் குறைவு.

ஏழாம் படி: போவதென்றால்

வேடத்துக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். இரத்தம், பிசாசு, கொலைகாரன் வேண்டாம், மற்றவை பிள்ளையின் விருப்பம் என்பது பல கிறிஸ்தவ வீடுகளில் உள்ள ஏற்பாடு. பிற இனத்தாரின் உடையையோ அவர்கள் வழிபாட்டுக்குரியவற்றையோ வேடமாக்குவதையும் அந்த எல்லைக்கு வெளியே வையுங்கள்.

மிட்டாயில் நஞ்சு, ஆப்பிளில் பிளேடு என்ற செய்திகள் ஆண்டுதோறும் வரும். சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளைத் திரட்டி ஆராய்ந்து, வீடுவீடாகப் பெற்ற இனிப்பில் அந்நியர் கலந்த நஞ்சால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான நிகழ்வு ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறார். உண்மையான ஆபத்து சாலையில் இருக்கிறது. 42 ஆண்டு அமெரிக்க விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அன்று மாலை நடந்து செல்வோர் வாகனம் மோதி இறக்கும் அபாயம், முந்திய வாரத்தும் பிந்திய வாரத்தும் அதே மாலைகளைவிட 43 சதவீதம் கூடுதல் என்று காட்டியது. எனவே கண்ணை மறைக்கும் முகமூடி வேண்டாம், கருப்பு உடையானால் ஒளி திருப்பும் பட்டை ஒட்டுங்கள், கையில் விளக்கு இருக்கட்டும், ஒரு பக்கத்து வீடுகளை முடித்தபின் சாலையைக் கடந்து மறுபக்கம் போங்கள்.

எட்டாம் படி: மாற்று ஏற்பாடு வேண்டுமென்றால்

சபை வாகன நிறுத்தத்தில் கார்களின் பின்பகுதியை அலங்கரித்துப் பிள்ளைகளுக்கு இனிப்புத் தரும் 'ட்ரங்க் ஆர் ட்ரீட்', அறுவடை விழா, பிரிட்டனில் பரவலான ஒளி விருந்து ஆகியவை கிடைக்கும். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு: பிள்ளை தான் விரும்பிய புனிதரின் உடையில் வந்து அவர் கதையைச் சொல்வது. பாரிஸில் 2002இல் தொடங்கிய 'ஹோலிவின்ஸ்' இதையே ஊர் அளவில் செய்தது. மறுநாள் திருப்பலிக்கும் அதற்கடுத்த நாள் இறந்தோர் நினைவுக்கும் சென்றால் மூன்று நாட்களும் ஒன்றோடொன்று பொருந்திவிடும். சீர்திருத்த மரபினர் 1517இல் இதே நாளில் மார்ட்டின் லூத்தர் தம் 95 கருத்துரைகளைப் பேராயருக்கு அனுப்பிய கதையைச் சொல்லலாம். எதுவானாலும் மாற்று நிகழ்ச்சி தெருவில் நடப்பதைவிட மந்தமாக இருந்தால் பிள்ளை ஒப்பிட்டுப் பார்க்காமல் இராது. சில சபைகள் நரகக் காட்சிகளை நடித்துக் காட்டும் வீடு அமைக்கின்றன. சிறு பிள்ளைகளை அங்கே அழைத்துப்போகாதீர்கள், பேய்வீட்டுக்கு மறுத்த அதே காரணம் இதற்கும் பொருந்தும்.

இனி மீந்திருப்பது சபையில் உங்களிலிருந்து வேறுபடும் குடும்பங்கள். புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாக எண்ணக்கூடாது, புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது என்ற ரோமர் 14இன் கட்டளையில் இரு தரப்புக்கும் தனித்தனியே பங்கு உண்டு. வேடமிட்ட பிள்ளையின் படத்தைச் சபையின் பொதுக் குழுவில் பகிர வேண்டாம். அதற்குக் கீழே எச்சரிக்கைக் காணொளி ஒட்டவும் வேண்டாம். அடுத்த ஞாயிறு அந்த வீட்டுப் பிள்ளை, தனக்குக் கிடைத்த மிட்டாயில் ஒன்றை உங்கள் பிள்ளையிடம் நீட்டக்கூடும். வாங்கலாமா என்று உங்கள் முகத்தை அது பார்க்கும் முன்பே, வீட்டில் அதற்கான பதிலையும் பேசி முடித்திருங்கள்.